'ஜெயித்தவருக்கே மொத்தமும்': அமெரிக்க சாசனத்தில் எந்த வரியில் இருக்கிறது?

கணக்குப்பிள்ளை (இழையைத் தொடங்கியவர்), காலை 7:12

நேற்று அரட்டைப் பகுதியில் நண்பர் டெட்ராய்ட் பாண்டி ஒரு முத்தை உதிர்த்திருக்கிறார். அங்கேயே பதில் எழுதினால் மீம்ஸுக்கு நடுவே காணாமல் போய்விடும் என்பதால் தனி இழை. அவர் எழுதியது எழுத்து மாறாமல் (தேர்வாளர் என்றால் மாநிலத்தின் சார்பில் அதிபருக்கு ஓட்டுப் போடுகிறவர்):

"அமெரிக்காவில் மூன்றாவது கட்சி தலையெடுக்காததற்கு ஒரே காரணம் அரசியல் சாசனம். ஒரு மாநிலத்தில் ஒரே ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கினாலும் அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் மொத்தமும் அவருக்கே என்று 1787இலேயே எழுதி வைத்துவிட்டார்கள். அதிகாரப் பிரிவினை, தேர்தல் விதி எல்லாம் ஒரே டெய்லர் தைத்த சட்டை."

சட்டை நன்றாகத்தான் இருக்கிறது, துணிதான் இல்லை. ஜெயித்தவருக்கே மொத்தமும் என்கிற ஏற்பாடு சாசனத்தில் எங்கே இருக்கிறது? எந்தப் பிரிவு, எந்த வரி? நான் படித்த சாசனத்தில் இரண்டாம் பிரிவு சொல்வது இவ்வளவுதான்: ஒவ்வொரு மாநிலமும் தன் சட்டமன்றம் விதிக்கும் முறையில் தேர்வாளர்களை நியமித்துக்கொள்ளலாம். மாநிலம் என்ன விதிக்கிறதோ அது. மொத்தமாகக் கொடுப்பதா, தொகுதிவாரியாகப் பிரிப்பதா, ஏன், மக்களிடம் ஓட்டே கேட்காமல் சட்டமன்றமே நியமிப்பதா என்பதெல்லாம் அவரவர் இஷ்டம். தென் கரோலினாவில் 1860 வரைக்கும் சட்டமன்றம்தான் நியமித்தது. இன்றைக்கும் மெய்ன், நெப்ராஸ்கா இரண்டும் தொகுதிவாரியாகத்தான் பிரித்துக் கொடுக்கின்றன. சாசனத்தில் எழுதியிருந்தால் இந்த இரண்டு மாநிலங்களும் இத்தனை வருடமாக சாசன விரோதமாகவா நடக்கின்றன?

வரியைக் காட்டுங்கள். காட்டினால் அடுத்த நிமிடமே இழையை மூடிவிடுகிறேன்.

திண்ணை, 7:31

காலங்காத்தாலேயே ஆரம்பமா? காப்பி குடித்துவிட்டு வருகிறேன். சிக்கரி இழையில் பட்ட அடி இன்னும் ஆறவில்லை.

டெட்ராய்ட் பாண்டி, 8:05

வந்துவிட்டார் ஆடிட்டர். கணக்கு சார், நீங்கள் சாசனத்தைப் புத்தகத்தில் படித்தீர்கள், நான் ஓட்டுச் சீட்டில் படிக்கிறேன். வித்தியாசம் அவ்வளவுதான். இந்த நாட்டில் ஓட்டுரிமை வாங்கி நான்கு அதிபர் தேர்தல் பார்த்தவன் நான். எங்கள் சீட்டைப் பார்த்திருக்கிறீர்களா? அதிபர், செனட்டர், நீதிபதி, பல்கலைக்கழக ஆட்சிக்குழு, மிச்சிகனில் பல கவுண்டிகளில் வடிகால் ஆணையர் வரைக்கும் ஓட்டுதான். மேலே ஒரு ஓவல் இருக்கும், அதை நிரப்பினால் கட்சி அடிப்படையில் நடக்கிற எல்லாப் பதவிக்கும் சேர்த்து ஒரே கட்சிக்கு விழுந்துவிடும். இதில் மூன்றாவது கட்சிக்காரர் எந்த மூலையில் நிற்பார்?

50இல் 48 மாநிலங்கள் ஒரே மாதிரி செய்கின்றன. 48 பேர் ஒரே திசையில் நடந்தால் அங்கே பாதை இருக்கிறது என்றுதான் அர்த்தம். பாதைக்குப் பெயர்ப்பலகை இல்லை என்று நீங்கள் நின்று அழுதுகொண்டிருக்கிறீர்கள்.

1992இல் மூன்றாம் ஆளாக நின்ற ராஸ் பெரோ கிட்டத்தட்ட 2 கோடி ஓட்டு வாங்கினார். 18.9 சதவீதம். கிடைத்த தேர்வாளர்கள் எத்தனை? பூஜ்ஜியம். இதற்கு மேல் என்ன வரி வேண்டும் உங்களுக்கு?

கணக்குப்பிள்ளை, 8:40

அதாவது வரி இல்லை. பாதை இருக்கிறது, பலகை இருக்கிறது, வடிகால்கூட இருக்கிறது. வரி மட்டும் இல்லை.

சரி, அந்தப் பாதை எப்படி வந்தது என்று சொல்கிறேன். ஆரம்பத் தேர்தல்களில் மாநிலத்துக்கு ஒரு முறை இருந்தது. வர்ஜீனியாவில் தொகுதிவாரியாகத்தான் தேர்ந்தெடுத்தார்கள். 1800 தேர்தலுக்கு முன்னால் அந்த மாநிலம் ஜெஃபர்சனுக்குச் சாதகமாக விதியை மாற்றி மொத்தத்தையும் அள்ளிக்கொண்டது. அதே நேரத்தில் மாசசூசெட்ஸ் சும்மா இருக்குமா? ஆடம்ஸுக்கு ஒன்றும் சிந்திவிடக் கூடாது என்று மக்கள் ஓட்டையே நிறுத்திவிட்டு சட்டமன்றமே நியமித்துக்கொண்டது. அடுத்தவன் அள்ளும்போது நாம் மட்டும் பிரித்துக் கொடுத்தால் ஏமாளி ஆகிவிடுவோம் என்று ஒவ்வொரு மாநிலமாக மாறி, 1836 வாக்கில் தென் கரோலினா தவிர எல்லாரும் ஒரே முறைக்கு வந்துவிட்டார்கள். சாசனம் எழுதிய கையில் மாடிசன் கையும் ஒன்று, அவரே பிற்காலத்தில் தொகுதிவாரி முறைதான் எங்கள் மனதில் இருந்தது என்று கடிதம் எழுதி வைத்திருக்கிறார். உங்கள் டெய்லரே சொல்கிறார், இந்தச் சட்டை நான் தைத்தது இல்லை என்று.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். நான்கு தேர்தல் பார்த்த மிச்சிகன் குடிமகனுக்கு மிச்சிகன் கதை தெரியவில்லை என்பதுதான் வேடிக்கை. 1892 தேர்தலில் உங்கள் மாநிலமே தொகுதிவாரியாகத்தான் தேர்வாளர்களைத் தேர்ந்தெடுத்தது. 14 பேரில் 9 ஹாரிசனுக்கு, 5 கிளீவ்லாண்டுக்கு. அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். சட்டமன்றத்தின் விருப்பம், செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அப்புறம் சட்டமன்றம் கைமாறியதும் பழைய முறைக்கே திரும்பிவிட்டார்கள். உங்கள் வீட்டுக் கொல்லைப்புறக் கதை இது. ஓட்டுச் சீட்டில் இதெல்லாம் அச்சடிக்க மாட்டார்கள் போலிருக்கிறது.

எந்தப் பிரிவு, எந்த வரி?

டெட்ராய்ட் பாண்டி, 9:02

1892இல் என் பாட்டனின் பாட்டன் உசிலம்பட்டிப் பக்கம் மாடு மேய்த்துக்கொண்டிருந்தார், அவரிடம் மிச்சிகன் சட்டமன்றத்தில் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

வரி வேண்டுமா, இந்தாங்கள். 12ஆவது திருத்தம், 1804. நியமிக்கப்பட்ட தேர்வாளர்களில் பாதிக்கு மேல் வாங்கினால்தான் அதிபர். வாங்கவில்லையென்றால் பிரதிநிதிகள் சபை முடிவு செய்யும், அதுவும் ஆளுக்கு ஓர் ஓட்டு இல்லை, மாநிலத்துக்கு ஓர் ஓட்டு. கலிஃபோர்னியாவில் ஏறக்குறைய 4 கோடிப் பேர், வயோமிங்கில் 6 லட்சம்கூட இல்லை, இரண்டுக்கும் ஒரே ஓட்டு. 1824இல் இதுதான் நடந்தது. ஜாக்சனுக்கு 99, குவின்சி ஆடம்ஸுக்கு 84, இன்னும் இரண்டு பேர் மீதியைப் பிரித்துக்கொண்டார்கள். முதலில் வந்தவர் ஜாக்சன், நாற்காலியில் உட்கார்ந்தவர் குவின்சி ஆடம்ஸ். அந்தச் சூட்டைப் பார்த்தவன் மூன்று பேரை நிறுத்துவானா? தேர்தலுக்கு முன்னாலேயே கூட்டாளியைச் சேர்த்துக்கொண்டு இரண்டே மூட்டையாகக் கட்டிவிடுவான். அதுதான் இரண்டு கட்சி. அது சாசனத்தில்தான் இருக்கிறது.

நீங்கள் சொல்கிற மாதிரி 1992இல் விகிதப்படி பிரித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கிளின்டனுக்கு 43 சதவீதம், மொத்தத் தேர்வாளர்கள் 538இல் 230 சொச்சம். பெரோவுக்கு 100 பக்கம். பாதிக்கு மேல் என்றால் 270, அது யாருக்கும் இல்லை. நேரே பிரதிநிதிகள் சபைக்குப் போயிருக்கும், அங்கே பெரோவுக்கு ஓர் ஆள்கூடக் கிடையாது. மறுபடியும் பூஜ்ஜியம். கணக்குப்பிள்ளை என்று பெயர் வைத்துக்கொண்டு இந்தக் கணக்குகூடப் போடவில்லையா?

மலர்விழி, 9:20

இருவரும் ஒரு நிமிடம் மூச்சு விடுங்கள். இழையின் பேச்சு அதிகாரப் பிரிவினையில்தானே தொடங்கியது, அது என்ன என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை. சட்டம் போடுகிறவர், ஆள்கிறவர், தீர்ப்புச் சொல்கிறவர் மூவரின் அதிகாரத்தையும் தனித்தனியாகப் பிரித்து வைப்பதுதான் அது.

1787இல் பிலடெல்பியாவில் முதலில் வைத்த யோசனையே அதிபரை காங்கிரஸ் (செனட்டும் பிரதிநிதிகள் சபையும் சேர்ந்த நாடாளுமன்றம்) தேர்ந்தெடுக்கட்டும் என்பதுதான். பல முறை அதற்கே ஓட்டும் போட்டார்கள். பயம் என்னவென்றால், தேர்ந்தெடுத்தவனுக்கு அதிபர் கைகட்டி நிற்பார், இரண்டாம் தடவை பதவி வேண்டுமென்றால் காங்கிரஸ் வாசலில் கிடப்பார். அதனால்தான் கூட்டம் முடியப்போகிற செப்டம்பர் மாதத்தில் ஒரு குழு உட்கார்ந்து, இந்த வேலைக்கு மட்டும் ஒரு நாள் கூடிக் கலைந்துபோகிற தேர்வாளர்கள் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. செனட்டரோ பிரதிநிதியோ தேர்வாளராக இருக்கக் கூடாது என்றும் எழுதினார்கள். ஆக, தேர்வாளர் முறையே அதிகாரப் பிரிவினைக்குப் பிறந்த பிள்ளை. பாண்டி சார் சொன்னதில் அந்தப் பாதி சரி. மொத்தமும் ஒருவருக்கு என்பது பின்னால் மாநிலங்கள் ஒட்டியது. கணக்குப்பிள்ளை ஐயா சொன்னதில் அந்தப் பாதி சரி. சண்டையே தேவையில்லை.

கணக்குப்பிள்ளை, 9:33

சகோதரி சமாதானத்துக்கு வந்திருக்கிறார், நன்றி. ஆனால் பாதி சரி என்று ஒன்று கிடையாது. நான் கேட்டது ஒரு வரி.

பாண்டி, 270 என்றீர்களே, அந்த எண் சாசனத்தில் எங்கே இருக்கிறது? பாதிக்கு மேல் என்றுதான் இருக்கிறது. 538இல் 435 என்பது பிரதிநிதிகள் சபையின் அளவு, 1929 சட்டம் உறைய வைத்துவிட்டுப் போன எண், சாதாரணச் சட்டம், நாளைக்கே காங்கிரஸ் நினைத்தால் 600 ஆக்கலாம். 538இல் இன்னொரு 3 தலைநகருக்கு, 1961 திருத்தம். உங்கள் 1787 டெய்லருக்கு 270 என்று சொன்னால் மார்பளவா என்று கேட்பார்.

12ஆவது திருத்தத்தைக் காட்டி நைசாக நழுவுகிறீர்கள். நேற்று நீங்கள் எழுதியது பாதிக்கு மேல் என்பதைப் பற்றி இல்லை, "மொத்தமும் அவருக்கே" என்பதைப் பற்றி. மேலே மேற்கோளில் இருக்கிறது, ஒருமுறை போய்ப் படித்துவிட்டு வாருங்கள்.

எந்தப் பிரிவு?

புதுவாசகன், 9:58

நான் இங்கே புதிது, தவறாக இருந்தால் மன்னிக்கவும். இந்தத் தேர்தல் கல்லூரி விஷயம் ஓரளவு புரிகிறது. 2025 அக்டோபரில் அரசு முடங்கியதே, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? அதிபர், செனட், பிரதிநிதிகள் சபை மூன்றும் ஒரே கட்சியிடம் இருந்தும் 43 நாள் எப்படி முடங்கியது என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

திண்ணை, 10:01

தேர்தல் கல்லூரியா! தம்பி, அங்கே மேனேஜ்மென்ட் கோட்டா உண்டா? டொனேஷன் எவ்வளவு வாங்குகிறார்கள்? ஹாஸ்டல் சாப்பாடு எப்படி?

டெட்ராய்ட் பாண்டி, 10:04

சைவம் மட்டும்தான் திண்ணை. 538 சீட்டு, நான்கு வருடத்துக்கு ஒருமுறை அட்மிஷன், ஒரே நாளில் பட்டமளிப்பு விழா.

புதுவாசகன், 10:15

ஒரு நாளிதழில் அப்படித்தான் போட்டிருந்தார்கள், நானாக எழுதவில்லை.

மலர்விழி, 10:22

பையனை விடுங்கள். காலேஜ் என்றால் பழைய அர்த்தத்தில் ஒரு வேலைக்காகச் சேர்ந்த குழு, அவ்வளவுதான். தேர்வாளர் குழு என்று சொல்லலாம்.

திண்ணை, 10:25

தேர்வாளர் என்றாலும் பரீட்சை நடத்துகிறவர் மாதிரித்தான் இருக்கிறது. வாக்காளர் மன்றம்?

கணக்குப்பிள்ளை, 10:51

சொல்லாராய்ச்சிக்குத் தனிப் பகுதி இருக்கிறது, அங்கே போகவும்.

புதுவாசகன் கேட்டது நல்ல கேள்வி. இந்த இழையில் உருப்படியாக வந்த முதல் கேள்வி என்றுகூடச் சொல்வேன். செலவு மசோதா நிறைவேறாமல் அரசு கருவூலத்திலிருந்து காசு எடுக்க முடியாது. இது சாசனத்திலேயே இருக்கிறது, எந்தப் பிரிவு என்று கேட்டால் முதல் பிரிவு என்று என்னால் சொல்ல முடிகிறது, கவனிக்கவும் பாண்டி. செனட்டில் குடியரசுக் கட்சிக்கு 53 பேர். மசோதாவை ஓட்டுக்கு விட 51 போதுமே என்று நினைப்பீர்கள். போதாது. விவாதத்தை முடித்து வைக்க 60 வேண்டும். அந்த 60 கிடைக்காமல்தான் அக்டோபர் 1 தொடங்கி நவம்பர் 12 வரை இழுத்தது.

இப்போது கேளுங்கள், அந்த 60 எங்கே இருக்கிறது? சாசனத்தில் இல்லை. அது செனட் தனக்குத் தானே போட்டுக்கொண்ட விதி. 1917க்கு முன்னால் விவாதத்தை முடித்து வைக்க வழியே கிடையாது, ஒருவர் நின்று பேசிக்கொண்டே இருக்கலாம். 1917இல் மூன்றில் இரண்டு பங்கு என்றார்கள், 1975இல் 60 ஆனது. பதவி நியமனங்களுக்கு அதைக்கூட 2013இல் ஜனநாயகக் கட்சியினர் எடுத்தார்கள், உச்ச நீதிமன்ற நியமனத்துக்கும் சேர்த்து 2017இல் குடியரசுக் கட்சியினர் எடுத்தார்கள். ஒரு மத்தியான ஓட்டெடுப்பில் மாறுகிற விஷயம் இது.

இதைத்தான் காலையிலிருந்து சொல்கிறேன். அமெரிக்க அரசை ஆட்டிவைக்கிற விதிகளில் பாதி சாசனத்துக்கு வெளியே கிடக்கிறது, மாநிலச் சட்டத்தில், சபை விதியில், பழக்கத்தில். இங்கே எல்லாரும் 1787, 1787 என்று கற்பூரம் காட்டுகிறார்கள்.

ஹூஸ்டன் மாமி, 11:30

இப்போதுதான் பார்த்தேன். 1992இல் நான் இங்கே வந்து மூன்றாவது வருடம், ஓட்டு கிடையாது. பெரோ டிவியில் அரை மணி நேரம் காசு கொடுத்து வாங்கி, கையில் குச்சியும் படம் போட்ட அட்டைகளுமாக உட்கார்ந்து நாட்டின் கடன் கணக்கைச் சொல்லுவார். எங்கள் வீட்டில் சீரியல் மாதிரி பார்ப்போம். பக்கத்து வீட்டு டெக்ஸஸ்காரர் நடுவில் ஒரு மாதம் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தார், ஏனென்றால் மனுஷன் ஜூலையில் போட்டியிலிருந்து விலகிவிட்டு அக்டோபரில் திரும்பி வந்தார். அந்தக் கூத்து பண்ணாமல் இருந்தால் ஒரு மாநிலமாவது கிடைத்திருக்கும். விதி விதி என்று எல்லாவற்றையும் விதி தலையில் போடாதீர்கள்.

அப்புறம் பாண்டி தம்பி, நான்கு தேர்தல் என்று மார்தட்டிக்கொள்கிறீர்களே, நான் ஏழு.

டெட்ராய்ட் பாண்டி, 11:44

மாமி, உங்களுக்கு ஏழு என்றால் வணக்கம். ஆனால் டெக்ஸஸில் ஏழு போட்டாலும் முடிவு தெரிந்த ஓட்டு. மிச்சிகனில் ஒன்று போட்டாலும் எண்ணுவார்கள். 2016இல் இங்கே வித்தியாசம் 11 ஆயிரம் ஓட்டுக்கும் குறைவு.

ஹூஸ்டன் மாமி, 11:47

ஓஹோ. அப்படியானால் என் ஓட்டு ஓட்டில்லையா?

டெட்ராய்ட் பாண்டி, 12:10

நான் அப்படிச் சொல்லவில்லை, விதி அப்படிச் சொல்கிறது. மொத்தமும் ஒருவருக்கு என்றால் தோற்ற பக்கத்து ஓட்டு தண்ணீரில் போட்டதுதான். அந்த விதி எங்கே எழுதியிருக்கிறது என்று ஆடிட்டர் சாரிடம் கேளுங்கள், காலையிலிருந்து அதே ரெக்கார்டைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார்.

கணக்கு சார், மெய்ன் மெய்ன் என்றீர்களே. 1992இல் பெரோ மெய்னில் இரண்டாவதாக வந்தார், புஷ்ஷுக்கு முன்னால். உங்கள் புகழ்பெற்ற தொகுதிவாரி மாநிலம் அது. கிடைத்தது? நான்கும் கிளின்டனுக்கு. பூஜ்ஜியம். ஆக மொத்தமாகக் கொடுத்தாலும் பூஜ்ஜியம், பிரித்துக் கொடுத்தாலும் பூஜ்ஜியம். பிறகு அந்த வரி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

கணக்குப்பிள்ளை, 12:38

இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன! ஆஹா. தூக்கம் வராத இரவுகளில் நினைத்துச் சிரிக்க இது ஒன்று போதும். நேற்று "1787இலேயே எழுதி வைத்துவிட்டார்கள்". இன்று மத்தியானம் "இல்லாவிட்டால் என்ன". இதைத்தான் ஊரில் தோற்றது என்பார்கள்.

மெய்ன் விஷயத்துக்கு வருகிறேன். அங்கே இரண்டே தொகுதி, அதிலும் ஒவ்வொன்றிலும் முதலில் வந்தவருக்குத்தான். விகிதமாகப் பிரிக்கவில்லை. உங்கள் எடுத்துக்காட்டு உங்கள் காலிலேயே விழுகிறது.

மூன்றாம் ஆளுக்கு எப்போதும் பூஜ்ஜியம் என்பதும் பொய். 1892இல் வீவர் 8.5 சதவீதம் வாங்கினார், 22 தேர்வாளர்கள். 1968இல் ஜார்ஜ் வாலஸ் 13.5 சதவீதம், 46 தேர்வாளர்கள். பெரோவைவிடக் குறைந்த ஓட்டு. ஏன்? வாலஸ் ஓட்டு தெற்கே ஐந்து மாநிலங்களில் குவிந்திருந்தது, பெரோ ஓட்டு நாடு முழுக்க எண்ணெய் தடவின மாதிரி பரவியிருந்தது. ஒரு மூலையில் கனமாக இருக்கிறவனுக்கு இந்த முறை கூலி கொடுக்கும், எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக இருக்கிறவனைத் தண்டிக்கும்.

வாலஸுக்கும் தான் ஜெயிக்க மாட்டோம் என்று தெரியும். யாருக்கும் பாதி கிடைக்காமல் செய்து, பேரம் பேசுவதுதான் திட்டம். நிக்சனுக்கு 301 வந்துவிட்டது, பேரம் போயிற்று. அந்தப் பயத்தில்தான் 1969இல் பிரதிநிதிகள் சபை, தேர்வாளர் முறையையே ஒழித்து நேரடி ஓட்டுக்கு மாற்றும் திருத்தத்தை 338க்கு 70 என்று நிறைவேற்றியது. செத்தது எங்கே? 1970இல் செனட்டில். எதனால்? விவாதத்தை முடித்து வைக்க அன்றைக்கு வேண்டியிருந்த மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காததால். அதாவது, சாசனத்தில் இல்லாத ஒரு சபை விதி, சாசனத் திருத்தத்தையே தடுத்தது. இதற்கு மேல் என் கட்சிக்குச் சாட்சி வேண்டுமா?

டெட்ராய்ட் பாண்டி, 12:55

தோற்றது என்று சொல்லிக்கொள்ளும் தகுதி உங்களுக்கு உண்டா என்று சபை முடிவு செய்யட்டும். போன வருடம் "டெட்ராய்டிலிருந்து தெற்கே பாலம் தாண்டினால் கனடா" என்று நான் எழுதினேன். இந்த மகான் வந்து "பாண்டி வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார், கனடா வடக்கே இருக்கிறது" என்று எழுதி நாற்பது பேர் சிரிக்க வைத்தார். கனடாவின் வின்ட்சர் ஊர் டெட்ராய்டுக்குத் தெற்கேதான் இருக்கிறது என்று மாமி படம் போட்டுக் காட்டியதும் ஆள் பதினோரு நாள் இந்தப் பக்கமே வரவில்லை. இன்று வரை ஒரு "தவறு" என்ற வார்த்தை வந்ததா?

ஹூஸ்டன் மாமி, 12:58

படம் போட்டது நான்தான். நினைவிருக்கிறது.

கணக்குப்பிள்ளை, 1:15

பதினோரு நாள் எனக்குக் கண் அறுவை சிகிச்சை. அதற்கும் வின்ட்சருக்கும் சம்பந்தமில்லை. கனடா என்ற நாடு அமெரிக்காவுக்கு வடக்கே இருக்கிறது, அதை நான் சொன்னேன், அது இன்றும் உண்மை. ஒரு ஊர் வளைந்து கிடந்தால் நான் பொறுப்பில்லை.

திண்ணை, 1:17

ஒரு ஊர் வளைந்து கிடந்தால் நான் பொறுப்பில்லை. இதை என் கையெழுத்து வரியாக வைத்துக்கொள்கிறேன், அனுமதி உண்டா?

மலர்விழி, 1:40

காலையில் எழுதியதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை, பரவாயில்லை, இன்னொரு தடவை முயற்சி செய்கிறேன். மூன்றாம் கட்சி விஷயத்தில் நீங்கள் இருவருமே தேர்வாளர் எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். கனடாவிலும் பிரிட்டனிலும் இதே முதலில் வந்தவருக்கே தொகுதி என்ற முறைதான், அங்கே மூன்றாவது, நான்காவது கட்சி நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருக்கிறதே?

வித்தியாசம் எங்கே என்றால், அங்கே பிரதமர் சபையின் நம்பிக்கையில் உட்கார்ந்திருக்கிறார். இருபது பேர் வைத்திருக்கிற சின்னக் கட்சியிடம் அவர் வந்து நிற்க வேண்டிய நாள் வரும். அமெரிக்காவில் அந்த நாளே வராது. அதிபருக்கு காங்கிரஸில் ஆளே இல்லாவிட்டாலும் நான்கு வருடம் அவர்தான் அதிபர். மந்திரி பதவி கொடுத்து ஆதரவு வாங்கவும் வழியில்லை, ஏனென்றால் அரசுப் பதவியில் இருக்கிறவர் காங்கிரஸ் உறுப்பினராக இருக்கக் கூடாது என்று முதல் பிரிவின் ஆறாவது உட்பிரிவு சொல்கிறது. சின்னக் கட்சிக்கு விற்கச் சரக்கும் இல்லை, வாங்க ஆளும் இல்லை. இதுதான் அதிகாரப் பிரிவினை செய்கிற வேலை. வரி கேட்டீர்களே ஐயா, இதோ வரி.

கணக்குப்பிள்ளை, 1:52

அது வேறு வரி.

திண்ணை, 2:05

அரசுப் பதவியில் இருக்கிறவர் அந்தப் பக்கம் போகக் கூடாது என்றால் துணை அதிபர் செனட்டில் தலைமை நாற்காலியில் என்ன செய்கிறார்? நம்ம கமலா அக்கா நான்கு வருடத்தில் 33 தடவை சமநிலையை உடைக்கிற ஓட்டுப் போட்டார், பழைய துணை அதிபர் கால்ஹூன் காலத்து 31ஐத் தாண்டிவிட்டார். துளசேந்திரபுரத்துக்காரப் பேத்தி சாதனை.

ஹூஸ்டன் மாமி, 2:09

நம்ம அக்கா என்ன நம்ம அக்கா? தாத்தா ஊரில் கோயிலில் பூஜை போட்டால் நம்ம ஆகிவிடுவாரா?

டெட்ராய்ட் பாண்டி, 2:12

மாமி யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று இப்போது தெரிந்துவிட்டது.

ஹூஸ்டன் மாமி, 2:13

என் ஓட்டைப் பற்றிப் பேச உங்களுக்கு உரிமை இல்லை. அதான் ஏற்கனவே தண்ணீரில் போட்டாகிவிட்டதே.

மலர்விழி, 2:20

துணை அதிபர் விதிவிலக்கு, அதுவும் சாசனத்திலேயே எழுதியிருக்கிறது. செனட்டின் தலைவர் அவர், சமமாக நின்றால் மட்டும் ஓட்டு. மூன்று துறைகளையும் சுவர் வைத்துப் பிரித்துவிட்டார்கள் என்று யார் சொன்னது? மசோதாவைத் தடுக்கிற வீட்டோ அதிபர் கையில், அதை மீற மூன்றில் இரண்டு பங்கு காங்கிரஸ் கையில், நீதிபதியை அதிபர் சொல்ல செனட் ஒப்ப வேண்டும். ஒருவர் சாவி இன்னொருவர் இடுப்பில். 2016இல் உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்காலியா இறந்தபோது ஒபாமா கார்லண்டை நியமித்தார், செனட் விசாரணைகூட வைக்காமல் வருடத்தை ஓட்டிவிட்டது. 2020இல் அதே செனட் பாரெட்டைத் தேர்தலுக்கு எட்டு நாள் முன்பு உறுதி செய்தது. சாசனம் ஒன்றுதான், செனட்டில் யாருக்குப் பெரும்பான்மை என்பதுதான் விஷயம். அது தேர்தல் விதியில் வந்து...

சரி, யாரும் படிக்கப்போவதில்லை. நான் கிளம்புகிறேன்.

புதுவாசகன், 2:31

நான் படித்தேன் அக்கா. நன்றி.

டெட்ராய்ட் பாண்டி, 2:48

மலர் சொன்னது நான் நேற்றுச் சொன்னதுதான். ஒரே டெய்லர் தைத்த சட்டை. என் வார்த்தையைத்தான் சகோதரி விரித்துச் சொல்லியிருக்கிறார்.

2000 தேர்தலையும் மறக்க வேண்டாம். ஃப்ளோரிடாவில் 537 ஓட்டு வித்தியாசம், மூன்றாம் ஆளாக நின்ற நேடர் அங்கே வாங்கியது 97 ஆயிரம். நாடு முழுக்க அரை மில்லியன் ஓட்டு கூடுதலாக வாங்கிய கோர் வீட்டுக்குப் போனார். அன்றிலிருந்து இங்கே மூன்றாம் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறேன் என்று சொன்னால் பக்கத்து வீட்டுக்காரன் முறைக்கிறான். சாசனத்தில் வரி இல்லையாம்.

கணக்குப்பிள்ளை, 3:04

அவர் விரித்துச் சொன்னது எதிலும் "மொத்தமும் அவருக்கே 1787இல்" இல்லை. ஃப்ளோரிடாவின் 25 தேர்வாளர்களும் ஒருவருக்கே போனது ஃப்ளோரிடா சட்டத்தால். அந்த மாநிலம் நினைத்திருந்தால் 13, 12 என்று பிரித்திருக்கலாம், கோர் அதிபராகியிருப்பார். வரலாறே திரும்பியிருக்கும், ஒரு மாநிலச் சட்டத்தின் ஒரு வரியால். அந்த வரியைத்தான் நீங்கள் தூக்கி பிலடெல்பியாவில் வைக்கிறீர்கள்.

காலை 7:12க்குக் கேட்டேன். மணி மூன்றாகிறது. எந்தப் பிரிவு, எந்த வரி?

டெட்ராய்ட் பாண்டி, 3:10

பதில் சொல்கிறேன். முதலில் வின்ட்சர் எந்தப் பக்கம் என்று எழுதுங்கள்.

கணக்குப்பிள்ளை, 3:11

முதலில் வரி.

டெட்ராய்ட் பாண்டி, 3:11

முதலில் வின்ட்சர்.

திண்ணை, 3:26

புதுவாசகன் தம்பி, கல்லூரி விண்ணப்பம் கிடைத்ததா? எனக்கும் ஒன்று வாங்கி வையுங்கள்.